கொழும்பில் ஓரிதழ்த்தாமரை வளர்ப்பது: விதையிலிருந்து விதை வரை

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஓரிதழ்த்தாமரை கேட்டால் பொடி கட்டிய பை ஒன்று கைக்கு வரும். சில கடைகளில் காய்ந்த செடிக் கட்டு கிடைக்கலாம். பச்சைச் செடியைப் பூவோடு பார்த்த கொழும்புக்காரர் மிகக் குறைவு. வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்தவர்கள் மாரி மழைக்குப் பிறகு வளவிலும் ஒழுங்கை ஓரத்திலும் அதை மிதித்துக்கொண்டே நடந்திருப்பார்கள், இன்னதென்று தெரியாமல். இந்தச் செடியைக் கொழும்பில் ஒரு பூச்சாடியில் விதை போட்டு வளர்த்து, அதிலிருந்தே மறுபடி விதை எடுப்பது எப்படி என்று முதல் தடவை முயல்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தோட்டம் தேவையில்லை. வெயில் விழும் ஒரு பல்கனியோ மொட்டைமாடியின் ஒரு மூலையோ போதும்.

பெயரில் தாமரை இருந்தாலும் தாமரைக்கும் இதற்கும் உறவில்லை. இது வயலட் குடும்பத்துச் செடி. செடிகளுக்கு அறிவியற் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் இதை வயலட்டுகளோடு சேர்த்து ‘வயோலா என்னியஸ்பெர்மா’ என்றுதான் பெயரிட்டார். பின்னர் அது ஹைபாந்தஸ் என்னியஸ்பெர்மஸ் ஆனது. அண்மைக் காலத்தில் அஃப்ரோஹைபாந்தஸ் என்றும் பிஜியா என்றும் பெயர் மாறியிருக்கிறது. இணையத்தில் தேடும்போது இந்த நான்கு பெயர்களிலும் தேடுங்கள். ஒரே செடிதான்.

இனி இன்னொரு ஆசையைப் பற்றி. படத்தில் பார்க்கும் மணமுள்ள ஊதா வயலட்டைக் கொழும்பில் வளர்க்க விரும்புகிறவர்களும் உண்டு. அது குளிர் கேட்கும் செடி. இங்கே சில மாதம் இலை விட்டு நிற்கும், பிறகு அழுகும். நம் நாட்டிலும் காட்டு வயலட்டுகள் இருக்கின்றன, ஆனால் அவை நுவரெலியாவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் ஒட்டிய மலைக் குளிருக்கு உரியவை. நாற்றுமேடைகளில் ஆபிரிக்கன் வயலட் என்று விற்பது வேறு குடும்பம், கிழக்கு ஆபிரிக்கச் செடி. உண்மையான வயலட் குடும்பத்தில் தாழ்நிலத்து வெக்கையைத் தாங்கி, நம் மண்ணிலேயே பிறந்து வளர்கிற ஒன்று வேண்டுமென்றால் ஓரிதழ்த்தாமரையை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

முதலில் அடையாளம்

செடி சிறியது. பெரும்பாலும் ஒரு சாண் உயரம், நல்ல இடம் கிடைத்தால் இரண்டு சாண் வரை போகும். அடித்தண்டு கொஞ்சம் கட்டையாகும். இலைகள் ஒடுங்கி நீண்டு, ஏறக்குறையக் காம்பில்லாமல், தண்டில் மாறி மாறி இருக்கும். விளிம்பை விரல் நுனியால் தடவினால் மெல்லிய பற்கள் தட்டுப்படும்.

பூவைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. ஐந்து இதழ்கள் உண்டு. நான்கு இதழ்கள் பச்சைப் புல்லிகளுக்குள் பாதி மறைந்தபடி சிறுத்துப் போயிருக்கும். ஐந்தாவது மட்டும், கீழ்ப்பக்கத்து இதழ், அடியில் குறுகி நுனியில் வட்டமாக அகன்று, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் வெளியே நீண்டு நிற்கும். ஒரு சதமமீற்றரை ஒட்டிய அகலந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் செடியில் யாரோ ஒற்றை இதழைச் செருகி வைத்ததாகத் தெரியும். அந்த இதழின் அடியில் கருமையான கோடுகள் ஓடுவதை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பூ வருமுன் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். கொழும்புச் சாடிகளில் கேட்காமலே முளைக்கும் செடிகள் நிறைய. இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக அடுக்கியதுபோல் தெரிந்து, அடியில் உருண்டைக் காய்கள் தொங்கினால் அது கீழாநெல்லி. தண்டை ஒடித்தால் பால் வந்தால் அம்மான் பச்சரிசி. ஓரிதழ்த்தாமரையில் பால் வராது. பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு: கேரள வழக்கில் ஓரிலைத்தாமரை என்றால் ஒற்றை இலை விடும் நெர்வீலியா என்ற ஆர்க்கிட்டையும் குறிக்கும். அங்கிருந்து வரும் மருந்துப் பைகளை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பொடியாக்கிய பிறகு எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

கடையில் வாங்காமல் ஏன் வளர்க்க வேண்டும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் எல்லா வேலைக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

அம்பாந்தோட்டை மாவட்டத்தில், அம்பலாந்தோட்டைக்குக் கிட்டக் கடலோரத்தில் உஸ்ஸங்கொட என்ற செந்நிறச் சமவெளி இருக்கிறது. மரமில்லாமல், புல்லும் தரையோடு தரையாகக் கிடக்கும் பூண்டுமாக இருக்கும் இடம். 2010இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பாறை சேர்ப்பென்ரைன் வகை. அதிலிருந்து உருவான மண்ணில் நிக்கல் அதிகம். பெரும்பாலான செடிகள் அந்த மண்ணில் வாடிப்போகும். ஆனால் சில செடிகள் நிக்கலை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ்கின்றன. உலர்ந்த இலையில் ஒரு கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அந்தச் செடியை மிகைச்சேமிப்பி என்பார்கள். 2000களின் தொடக்கத்தில் உஸ்ஸங்கொடச் செடிகளை ஆய்வாளர்கள் சோதித்தபோது அப்படிச் சேமிக்கும் செடிகளில் ஒன்றாக ஓரிதழ்த்தாமரை கண்டறியப்பட்டது. விஷ்ணுகிராந்தி இன்னொன்று. இரண்டுமே நம் வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மூலிகைகள்!

சாதாரண மணல் நிலத்தில் வளரும் செடியில் அவ்வளவு நிக்கல் சேர வழியில்லை, மண்ணில் இருந்தால்தானே செடிக்குள் வரும். ஆகவே பயப்பட வேண்டியது செடியைப் பற்றியல்ல, அது எந்த மண்ணில் நின்றது என்று தெரியாமல் இருப்பதைப் பற்றித்தான். கடைப் பொடியில் அந்த விபரம் இல்லை. உங்கள் சாடியில் உண்டு.

இரண்டாவது காரணம், பறிக்கும் விதம். சித்த வைத்தியத்தில் இதைச் சமூலமாக, அதாவது வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். அதனால் காட்டிலும் காணியிலும் பறிப்பவர்கள் வேரோடு பிடுங்குகிறார்கள். பூத்திருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும், அப்போதுதான் பிடுங்குவார்கள். விதை விழுவதற்கு முன்பே செடி போய்விடுகிறது. ஒரு சிறிய பூண்டு இதைப் பல வருடம் தாங்காது.

விதைக்கு எங்கே போவது

கொழும்பு நாற்றுமேடைகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஊரில் உறவினர் இருந்தால் அதுதான் நல்ல வழி. மாரி மழை முடிந்து தை, மாசியில் மணற்பாங்கான வளவுகளிலும் புல்வெளிகளிலும் தேடச் சொல்லுங்கள். ஒரு செடியில் பூவும் முற்றிய காயும் ஒன்றாகவே இருக்கும், ஆகவே பூவின் படத்தை அனுப்பச் சொல்லி உறுதி செய்துவிட்டு, அதே செடியில் முற்றிய காய்களை மட்டும் பறித்துக் கடித உறையில் போட்டு அனுப்பச் சொல்லலாம். செடியைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டாம். இதற்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர். பிடுங்கியது பெரும்பாலும் பிழைக்காது.

தேசியப் பூங்காவுக்குள் இருந்து எந்தச் செடியையும் விதையையும் எடுப்பது சட்டப்படி குற்றம். உஸ்ஸங்கொடவுக்குச் சுற்றுலா போனால் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சென்னைக்கோ திருச்சிக்கோ போய் வருகிறவர்களிடம் விதை கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெளிநாட்டு விதையும் நாற்றும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொண்டுவருமுன் கட்டுநாயக்கவில் உள்ள தேசியத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையிடம் அனுமதி பெற வேண்டும். நம் நாட்டிலேயே இயல்பாக வளர்கிற செடிக்கு இந்த அலைச்சல் எதற்கு?

சாடியும் மண்ணும்

எட்டு முதல் பத்து அங்குல ஆழமுள்ள சாடி எடுங்கள். அகலம் பெரிதாக வேண்டாம், ஆணிவேர் இறங்க ஆழம் வேண்டும். சுட்ட மண்சாடி மிக நல்லது, பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் காயும். பிளாஸ்டிக் என்றால் அடித்துளைகளை இரட்டிப்பாக்குங்கள்.

கொழும்பில் இந்தச் செடியைக் கொல்வது வெயிலோ கடற்காற்றோ அல்ல, வேரில் தேங்கும் ஈரம். கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. செடி பழகியது வறண்ட வலயத்து மணலுக்கு. ஆகவே கலவையில் மணல் தூக்கலாக இருக்க வேண்டும்: கழுவிய ஆற்று மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு அரைப் பங்கு. கடல் மணல் உப்பு, வேண்டாம். பையில் விற்கும் பூச்சாடி மண்ணில் தும்புத்தூள் அதிகம் கலந்திருக்கும், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். றோசாவுக்கும் குரோட்டனுக்கும் நல்ல மண், இதற்கு நஞ்சு.

கலவையைச் சாடியில் நிரப்பியதும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அடித்துளையால் ஒழுகத் தொடங்க வேண்டும். மேலே குளம்போல நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

செம்மண் எங்கிருந்து என்பதையும் யோசியுங்கள். வீதியோர மண்ணும், பழைய வாகனத் திருத்துமிடங்களுக்குப் பக்கத்து மண்ணும் வேண்டாம். ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை இங்கே விற்கப்பட்டது. ஈயம் மண்ணை விட்டு இலகுவில் போவதில்லை. கட்டடம் இடித்த இடத்து மண்ணில் சீமெந்துத் தூள் கலந்திருக்கும். கபூக் வெட்டிய, யாரும் பயிரிடாத காணி மண் கிடைத்தால் நல்லது. உலோகத்தைச் சேமிக்கத் தெரிந்த செடி என்று தெரிந்த பிறகு இதில் அலட்சியமாக இருக்கக்கூடாது.

வெயில் எந்தப் பக்கம்

ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணி நேர நேர்வெயில் தேவை. நிழலில் தண்டு மெலிந்து நீண்டு, பூ குறையும்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொழும்பு பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் நண்பகல் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும், நேர் உச்சியில் நிற்கும். அதற்கிடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கம் சாய்ந்து போகும், மிச்ச மாதங்களில் தெற்குப் பக்கம். வடக்குப் பார்த்த பல்கனியில் சித்திரையிலிருந்து ஆவணி வரை வெயில் கிடைக்கும், மார்கழியில் கிடைக்காது. தெற்குப் பல்கனியில் இது தலைகீழ். கிழக்கும் மேற்கும் வருடம் முழுவதும் அரைநாள் வெயில் தரும். விதைக்கும் காலத்துக்குத் தெற்கும் கிழக்கும் நல்லவை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலை நேரே பார்த்த மாடி என்றால் உப்புக்காற்றுக்கு ஒரு மறைப்பு வையுங்கள், வாரம் ஒரு தடவை இலையை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.

விதைப்பு

மார்கழி கடைசியும் தையும்தான் காலம். ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். வைகாசியில் தென்மேல் பருவமழை வருமுன் செடிக்கு வேர் ஆழமாக இறங்கியிருக்கும். வைகாசியில் விதைத்தால் நாற்று அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விதைகள் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் அளவில், வெளிர்மஞ்சள் நிறத்தில், நீளவாக்கில் வரிகளோடு இருக்கும். முளைப்பு ஒழுங்காக இராது, இது இச்செடியின் இயல்பு. ஆகவே ஐந்தாறு விதையோடு தொடங்காதீர்கள், இருபது முப்பதாவது வேண்டும். ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊற வையுங்கள். பத்திரிகைத் தாளைச் சுருட்டி சிறு குவளைகள் செய்து, அதே மணல் கலவையை நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு விதை போட்டு, அதற்கு மேல் விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல் தூவுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். குவளைகளை மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடுக்கி, மூடியில் ஊசியால் சில துளை இட்டு, வெளிச்சமான ஆனால் நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடி எதற்கென்றால் எறும்புக்கு. வயலட் குடும்பத்து விதைகளை எறும்புகள் விரும்பி இழுத்துச் செல்லும், காட்டில் விதை பரவ அதுவும் ஒரு வழி.

முதல் நாற்று இரண்டு வாரத்துக்குள் தலை காட்டக்கூடும். மற்றவை ஒரு மாதமோ அதற்கு மேலோ எடுக்கும். பெட்டியைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். தெளிப்பானால் மேல்மணல் ஈரமாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர்.

முளைக்கும்போது வரும் இரண்டு விதையிலைகளைக் கணக்கில் எடுக்காமல் நான்கு உண்மை இலை வந்ததும் தாள் குவளையைப் பிரிக்காமல் அப்படியே பெரிய சாடியில் இறக்குங்கள். தாள் மக்கிவிடும், வேர் அசையாது. ஒரு சாடிக்கு மூன்று செடி வரை வைக்கலாம். முதல் ஒரு வாரம் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில்.

தண்ணீரும் மழையும்

விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் விடுங்கள். அட்டவணை போட்டுத் தினமும் ஊற்றுவது இதற்குச் சரிவராது. உரம் என்று தனியாக எதுவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி கூட்டெரு தாராளம். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், பூ வராது.

மே முதல் செப்டெம்பர் வரையும், ஒக்டோபர், நவம்பரின் பெருமழையிலும் சாடியைக் கூரை இறப்புக்குக் கீழே நகர்த்துங்கள். மொட்டைமாடியில் அந்த வசதி இல்லையென்றால் ஒரு தெளிவான கூரைத்தகட்டைச் சரித்து வைக்கலாம்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் கெடுதல், வீட்டுக்கும் கெடுதல். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு, பத்து நாள் போதும், அதற்குத் தட்டில் தேங்கும் கொஞ்சத் தண்ணீரே இடம். கொழும்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து வழக்குப் போடக்கூடிய விடயம் இது. சாடியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தண்ணீர் ஓடிவிடும், துளையும் அடைபடாது.

புழு வந்தால்

மழைக் காலத்தில் நத்தைகள் நாற்றை ஒரே இரவில் மொட்டையடிக்கும், இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி. மாவுப்பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து விடுங்கள்.

இன்னொரு விருந்தாளியைப் பற்றி மட்டும் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. செம்மஞ்சள் சிறகில் கறுப்புப் புள்ளிகளோடு, அவசரமே இல்லாமல் தாழப் பறக்கும் வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கொழும்பிலும் பார்த்திருப்பீர்கள். டோனி கோஸ்டர் என்பார்கள். அதன் பழைய அறிவியற் பெயர் அக்ரேயா வயோலே. அதன் புழு கொடித்தோடைக் குடும்பத்துக் கொடிகளையும் ஓரிதழ்த்தாமரையையும் தின்று வளரும். செம்பழுப்பு உடலில் கிளைத்த முட்கள் நிறைந்திருக்கும், பார்க்கப் பயமாக இருந்தாலும் கொட்டித் தீர்க்கும் மயிர்க்கொட்டி இனமல்ல. வளர்ந்த பூச்சியைப் பிடித்தால் மஞ்சள் நிறத் திரவம் கசியும், பறவைகள் அதனால்தான் அதை ஒதுக்குகின்றன.

என் ஆலோசனை: மூன்று சாடி வளர்த்தால் ஒன்றை அதற்கு விட்டுவிடுங்கள். மற்றச் சாடிகளில் காணும் புழுக்களை ஒரு ஈர்க்கில் ஏற்றி அந்தச் சாடிக்கு மாற்றலாம். அடியும் வேரும் இருந்தால் இலை இழந்த செடி திரும்பத் துளிர்க்கும். பூச்சிமருந்து அடித்தால் அந்தச் சாடியிலிருந்து எதையும் உள்ளுக்கு எடுக்க முடியாது, பிறகு எதற்கு வளர்த்தோம்?

பறிப்பதும் உலர்த்துவதும்

பூவும் காயும் நிறைந்திருக்கும்போது செடியின் மேற்பாதியைக் கூரான கத்தரியால் வெட்டுங்கள். அடியில் மூன்று அங்குலம் இலையோடு நிற்கட்டும். வேரைத் தொட வேண்டாம். வைத்தியர் சமூலமாகத்தான் வேண்டும் என்றால், விதை கொடுத்து முடித்த வயதான செடியை மட்டும் எடுங்கள்.

கழுவி, ஈரம் வடிந்ததும் நிழலில் காற்றோட்டமாகப் பரப்புங்கள். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஊரில் மூன்று நாளில் காய்வது இங்கே ஒரு வாரம் எடுக்கலாம். தண்டை மடக்கினால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. கண்ணாடிப் போத்தலில் அடைத்து, பறித்த மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பூஞ்சண வாடை வந்தால் மனம் இரங்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு செடியிலிருந்து காய்ந்த நிலையில் மிகச் சொற்பமே கிடைக்கும்.

உள்ளுக்கு எடுப்பது பற்றி

நீர்க்கடுப்பு, வெள்ளைபடுதல், மேகவெட்டை, உடற்சூடு, ஆண்மைக்குறைவு ஆகியவற்றுக்குச் சித்த வைத்தியத்தில் இதைச் சொல்கிறார்கள். உடல்தேற்றி என்ற பெயரும் உண்டு. ஓரிதழ்த்தாமரை, கீழாநெல்லி, யானைநெருஞ்சில் மூன்றையும் சம அளவில் அரைத்துத் தயிரில் கொடுப்பது பலருக்கும் தெரிந்த முறை. காய்ந்த பொடியைப் பாலில் கலந்து குடிப்பது இன்னொன்று. இவற்றை வழக்கில் உள்ளவை என்றுதான் சொல்கிறேன். மனிதரில் பெரிய அளவில் சோதித்து உறுதியான மருந்து என்று இதைச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தொடக்கூடாது. இதற்குக் காரணம் உண்டு. வயலட் குடும்பத்துச் செடிகளில் சைக்ளோட்டைட் என்ற வளைய வடிவச் சிறு புரதங்கள் இருக்கின்றன, ஓரிதழ்த்தாமரையிலும் கண்டறிந்திருக்கிறார்கள். இந்த வகைப் புரதம் முதலில் கவனத்துக்கு வந்தது கொங்கோவில். அங்கே பெண்கள் பிரசவத்தை விரைவாக்க ஒரு செடியின் கஷாயத்தைக் குடித்தார்கள். லோரன்ட்ஸ் கிரான் என்ற நோர்வே மருத்துவர் அதை ஆராய்ந்தபோது கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் பொருள் அதில் இருப்பது தெரிந்தது. அது வேறு குடும்பத்துச் செடிதான், ஆனால் புரதம் இதே இனம். மேலும், வயலட் குடும்பத்துச் செடிகள் பலவற்றின் வேர் அளவு கூடினால் வாந்தி வரும்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். விலங்குகளில் நடந்த சோதனைகளில் இச்செடியின் சாறு இரத்தச் சீனியைக் குறைத்திருக்கிறது. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும்போது இதுவும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்க இடமுண்டு. சிறுநீர் எரிவு இரண்டு நாளில் தணியாவிட்டால், அல்லது காய்ச்சலோ இரத்தமோ இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சாடிக்குப் போகாதீர்கள்.

ஆண்மைக்கென்று கவர்ச்சியான பையில் வரும் பொடிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. மூலிகை என்று சொல்லி ஆங்கில மருந்தை இரகசியமாகக் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்ட மோசடி. இருதய நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு அது உயிராபத்து. உண்மையாகவே பயன்படுத்த விரும்பினால் ஆயுள்வேத மருத்துவ சபையில் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். போகும்போது உங்கள் சாடிச் செடியின் ஒரு பூங்கிளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்கள் வைத்திருப்பது சரியான செடிதானா என்று அவரே சொல்வார்.

விதை எடுப்பது

காய் சிறு உருண்டை. முற்றும்போது பச்சை நிறம் போய் வைக்கோல் நிறத்துக்கு வரும். பிறகு மூன்றாகப் பிளக்கும். ஒவ்வொரு பகுதியும் தோணி வடிவில் இருக்கும். வெயில் ஏற ஏற அதன் இரண்டு விளிம்புகளும் உள்நோக்கி நெருங்கி, நடுவில் இருக்கும் விதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுக்கித் தெறிக்க வைக்கும். காலையில் பிளந்த காயைப் பகலில் வந்து பார்த்தால் காலியாகத்தான் இருக்கும், விதைகள் பல்கனி முழுக்கச் சிதறியிருக்கும்.

எனவே நிறம் மாறத் தொடங்கியதுமே காயைக் காம்போடு கிள்ளி, வாய் மடித்த கடதாசி உறைக்குள் போட்டுவிடுங்கள். உறைக்குள்ளேயே வெடிக்கும். இல்லையென்றால் மெல்லிய துணிப் பை ஒன்றைக் கிளையில் கட்டிவிடலாம். ஒரே நாளில் எல்லாம் முற்றாது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சில விதைகள் எப்படியும் பக்கத்துச் சாடிகளுக்குள் விழும், களை பிடுங்கும்போது ஒடுங்கிய இலையைப் பார்த்தால் பிடுங்காமல் கை நிற்கட்டும்.

விதைகளை மேலும் ஒரு வாரம் நிழலில் காய வைத்து, கடதாசி உறையில் இட்டு, இறுக மூடும் போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையின் மேல் மூன்று விபரம் எழுதுங்கள்: எடுத்த மாதம், தாய்ச்செடி எந்த ஊர் விதையில் வந்தது, சாடியில் என்ன மண் கலந்தீர்கள். மார்கழி கடைசியில் பாதியை விதைத்து, மீதியைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது மணல் இரண்டு பங்கு என்பதை வாயாலும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். வாங்கிப் போகிறவர் முதலில் எடுக்கப் போவது தும்புத்தூள் பையைத்தான்.